பேரிடருக்குப் பிறகு எல்லோருக்கும் கவுன்சலிங் வேண்டுமா?

பேரிடர் நடந்த மறுவாரமே, ‘எல்லாருக்கும் கவுன்சலிங் கொடுக்கணும்’ என்று ஒரு குரல் கிளம்பும். நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படாது. சிலருக்குக் கெடுதலாகவும் முடியும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். அடுத்த மாதங்களில் மீனவக் கிராமங்களுக்குக் கவுன்சலிங் கொடுக்கக் குழு குழுவாக ஆட்கள் வந்தார்கள்; நாங்களும் போனோம். ஒரு குழு பிள்ளைகளை அலையை வரையச் சொல்லும். அது போனதும் இன்னொன்று வந்து அதையே கேட்கும். நாங்கள் பாயை விரிக்கும் முன்பே ஒரு சிறுவன் நீலக் கிரேயானை எடுத்துக்கொண்டு, “பெரிய அலையா, சின்ன அலையா?” என்றான். வந்தவர்களை அவன்தான் சமாளித்துக்கொண்டிருந்தான்!

நடந்ததை உடனே விலாவாரியாகச் சொல்லவைப்பது பிற்கால மனவடுவைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு கேட்பதெல்லாம் மூன்றுதான்: பார், காதுகொடுத்துக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு தொடர்புபடுத்து. அவர்களாகப் பேசினால் கேளுங்கள்; பேசாவிட்டால் தோண்டாதீர்கள். காணாமல்போனவரை எங்கே விசாரிப்பது, ரேஷன் கார்டுக்கு யாரைப் பார்ப்பது என்று தெரிந்தாலே பதற்றம் கொஞ்சம் அடங்கும்.

அப்புறம், ஊர். தற்காலிகக் குடியிருப்பில் வீடு ஒதுக்கும்போது பழைய தெருக்காரர்களை அடுத்தடுத்து வைப்பதும் மனநலப் பணிதான். ராத்திரி பயந்து எழுகிறவளுக்கு, தடுப்புக்கு அந்தப் பக்கம் தெரிந்த குரல் இருக்க வேண்டும். அடையாளம் தெரியாமலே மொத்தமாகப் புதைக்கப்பட்ட உடல்கள் ஏராளம். கருமாதிகூடச் செய்ய முடியாத துக்கம் எளிதில் ஆறாது. ஆண்டுதோறும் அந்த நாளில் கரையில் கூடிக் கடலில் பால் ஊற்றுவதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர் இந்த வேலைக்கு வராமல் இருப்பது நல்லது.

அதற்காக ஊரை ஒரேயடியாகக் கொண்டாடவும் முடியாது. நிவாரணத்தை ஊர்ப் பஞ்சாயத்து வழியாகவே கொடுத்த இடங்களில் கணவனை இழந்தவர்களும், படகோ வலையோ இல்லாத தலித் கூலிக் குடும்பங்களும் விடுபட்டார்கள். கையில் பணம் வந்ததும் ஆண்களிடம் குடி கூடியது. அடி வாங்கியவர்கள் வீட்டுப் பெண்கள். துக்கம் விசாரிக்கப் போகிறவர் இதையும் விசாரிக்க வேண்டும்.

தூக்கமின்மை, திடுக்கிடல், கடலைப் பார்க்கவே பயம் போன்றவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகக் குறையும். முதல் மாதத்தில் இவற்றுக்காகத் தூக்க மாத்திரையை அள்ளிக் கொடுக்கக் கூடாது. ஒரு மாதம் தாண்டியும் வேலைக்குப் போக முடியாதவர்களை மருத்துவரிடம் அனுப்புங்கள். சாக வேண்டும் என்று பேசுகிறவருக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

முகாமில் நான் முதலில் தேடுவது வேறு ஆட்களை: ஏற்கெனவே மனநோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிட்டுவந்து, மருந்துச் சீட்டோடு சேர்த்து அதைத் தண்ணீரில் விட்டவர்கள். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள். கிராம செவிலியரிடமும் ஆஷா பணியாளரிடமும் கேட்டால் யார் யார் என்று சொல்லிவிடுவார்கள்.