பந்து முன்னுக்குப் போனாலும் பாஸ் சரிதான்

2007 ஒக்டோபர் 6, கார்டிஃப். றக்பி உலகக் கிண்ணக் காலிறுதியில் பிரான்ஸ் 20–18 என்று நியூசிலாந்தை வீழ்த்தியது. ஆட்டத்தைத் திருப்பிய ட்ரைக்கு (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்துப் புள்ளி எடுப்பது) சற்று முன்னர் பிரான்ஸ் வீரர் தமியன் த்ரைய், சக வீரர் மிஷலாக்குக்குக் கொடுத்த பாஸ் முன்னோக்கிப் போனது என்று நியூசிலாந்து ரசிகர்கள் இன்றும் குமுறுகிறார்கள். அன்று மத்தியஸ்தராக நின்ற வேய்ன் பார்ன்ஸுக்கு வயது 28. அவர் பட்ட வசை கொஞ்சநஞ்சமில்லை.

வன்னியில் நாம் வளர்ந்தது கிரிக்கெட், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டத்தோடு. றக்பி என்றால் கண்டியும் கொழும்பும்தான். இப்போது கைத்தொலைபேசியில் சர்வதேச ஆட்டங்களைப் பார்க்கும் பெடியள் கூடிவிட்டார்கள். அவர்கள் அடிக்கடி கத்துவதும் இதைத்தான்: “முன்னுக்குப் போட்டுட்டான், மத்தியஸ்தருக்குக் கண் தெரியேல்லையோ?” பெரும்பாலான நேரம் மத்தியஸ்தருக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. நாம்தான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பதில்லை.

றக்பியில் பந்தை முன்னோக்கி உதைக்கலாம், ஆனால் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. எது முன்னோக்கிய எறிதல்? எறிபவரின் கைகள் எதிரணியின் எல்லையை நோக்கி நகர்ந்தால்தான் அது குற்றம் என்கிறது விதி. பந்து நிலத்தில் எந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பது கணக்கில்லை.

இதன் பின்னால் இருப்பது கலிலியோ காலத்துப் பௌதிகம். ஓடும் வீரரின் கையில் இருக்கும் பந்தும் அவருடைய வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கையை விட்டதும் அந்த வேகம் மறைந்துபோவதில்லை. ஓடுகிற லான்ட்மாஸ்டர் பெட்டியில் இருந்து ஒரு தேங்காயைப் பின்பக்கமாக மெல்லத் தட்டிவிட்டாலும், வீதியோரம் நிற்பவருக்கு அது முன்னுக்குப் போய் விழுவதுபோலத்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீரர் செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் ஓடுகிறார். பந்தைப் பக்கவாட்டில் செக்கனுக்கு 14 மீற்றர் வேகத்தில், தன்னிலிருந்து பின்னோக்கி 2 மீற்றர் வேகத்தில் எறிகிறார். 10 மீற்றர் தள்ளி ஓடிவரும் தோழரை அது சுமார் 0.7 செக்கனில் அடையும். அந்த நேரத்தில் பந்து நிலத்தைப் பொறுத்து செக்கனுக்கு 6 மீற்றர் முன்னோக்கிப் போகிறது. அதாவது 4 மீற்றருக்கும் மேல் முன்னுக்கு. ஆனால் எறிந்தவர் அதற்குள் ஐந்தரை மீற்றருக்கு மேல் ஓடிவிட்டார். அவரைப் பொறுத்தவரை பந்து பின்னால்தான் போயிருக்கிறது. சுத்தமான பாஸ்.

அப்படியானால் நிலத்தை வைத்தே தீர்ப்புச் சொன்னால் என்ன? அதே வேகத்தில் ஓடுபவர் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு இணையாக அனுப்பவே, சுமார் 30 பாகை பின்னால் திருப்பி எறிய வேண்டிவரும். வேகமாக ஓடினால் பாஸ் கொடுக்க முடியாது என்றாகிவிடும். ஆட்டத்தின் அழகே போய்விடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எறிந்த கணமே அந்த வீரரை எதிரணி பிடித்து வீழ்த்தும்போது. அவர் நின்றுவிடுகிறார், பந்து தன் பழைய வேகத்தோடு அவரைத் தாண்டிப் போகிறது. பார்ப்பவர் எல்லாருக்கும் அது அப்பட்டமான பிழையாகத் தெரியும்.

பள்ளிக்கூட மைதானத்தில் மாணவர்களுடன் இதைச் செய்து பார்ப்பதுண்டு. றக்பிப் பந்து இல்லை, வலைப்பந்துதான். மணலில் சாம்பலால் குறுக்கே ஒரு கோடு. வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை கோட்டில் வைத்துப் பந்தைப் பக்கத்தில் வருபவருக்கு விட வேண்டும். பிடித்த இடத்தில் ஒரு தடி ஊன்றுவோம். தடி எப்போதும் கோட்டுக்கு முன்னால்தான் நிற்கும். எறிந்த பிள்ளை தொடர்ந்து ஓடினால் ஓரத்தில் இருப்பவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே எறிதலைச் செய்துவிட்டுக் குதிக்காலை மணலில் ஊன்றிச் சடாரென்று நிற்கச் சொன்னால், “முன்னுக்கு! முன்னுக்கு!” என்று மைதானமே அலறும். எறிதல் மாறவில்லை, எறிந்தவரின் கால்தான் மாறியது.

தொலைக்காட்சி இந்த மயக்கத்தை இன்னும் கூட்டுகிறது. சாய்வாக நிற்கும் கமராவில் நேரான பாஸும் கோணலாகத் தெரியும். மைதானத்துக் கோடுகளை வைத்து ஒப்பிடுவது அதைவிடப் பொறி: கோடுகள் நிலத்தோடு ஒட்டியவை, விதியோ கையைக் கேட்கிறது. காற்றும் தன் பங்குக்கு விளையாடும். ஆடி மாதச் சோளகத்தில் எறிந்தால், 410 முதல் 460 கிராம் மட்டுமே நிறையுள்ள பந்தைக் காற்று முன்னுக்குத் தள்ளக்கூடும். அதற்கு எறிந்தவர் பொறுப்பில்லை.

வீரர்களை மதிப்பிடும்போதும் இதை மறக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மெல்ல ஓடுபவரின் பாஸ் எப்போதும் அழகாகப் பின்னால் போவதுபோல் தெரியும். முழு வேகத்தில் எதிரணியின் நெஞ்சுக்கு நேரே போய்ப் பாஸ் கொடுப்பவர்தான் சந்தேகத்துக்கு ஆளாவார். அணியைத் தெரிவு செய்பவர் பந்து போன தடத்தை மட்டும் பார்த்தால் துணிச்சலானவரை வெளியே விட்டுவிடுவார். மணிக்கட்டும் விரல்களும் எந்தப் பக்கம் திரும்பின, பந்தை விடும்போது என்ன வேகம், அவரை யார் பிடித்திருந்தார்கள் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்போ 2007? எனக்குப் படுவது, அந்தப் பாஸில் பந்து மட்டுமல்ல, கைகளும் முன்னுக்குத்தான் போயின. குற்றம்தான். ஆனால் அதைப் பிடிக்க மத்தியஸ்தரோ பக்க மத்தியஸ்தரோ பந்துக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். தொலைக்காட்சி மத்தியஸ்தரிடம் கேட்கவும் வழியில்லை. அன்றைய விதிப்படி ட்ரை வைக்கும் இடத்து நிகழ்வுகளுக்கு மட்டுமே அவரிடம் போகலாம். அந்த அதிகாரம் பிறகுதான் விரிந்தது. பார்ன்ஸும் தளரவில்லை: 2023 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை நடத்தியவர் அவர்தான்.

இப்போது உள்ளே உணரி வைத்த பந்துகள் வந்துவிட்டன. பந்தின் வேகத்தையும் திசையையும் அவை சொல்லிவிடும். ஆனால் அது மட்டும் போதாது. பந்தை விட்ட கணத்தில் எறிந்தவர் என்ன வேகத்தில் போனார் என்பதையும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம்.