வலையில் விழாத மீன்கள் எத்தனை?

கல்வியியல் கல்லூரி நூலகர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "ஆய்வுத் தரவுத்தளம் விற்பவர் ஒருவர் வந்தார். எங்களிடம் இத்தனை லட்சம் கட்டுரை இருக்கிறது என்று திரையில் காட்டிவிட்டு விலைப்பட்டியலை வைத்துவிட்டுப் போனார். எரிக் இலவசமாகவே கிடைக்கிறதே, இதற்கு வேறு எதற்குச் சந்தா கட்ட வேண்டும்? இரண்டில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதல் வேலையாக அந்த 'இத்தனை லட்சத்தை' மறந்துவிடுங்கள். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பது உங்கள் மாணவருக்கு முக்கியமில்லை. அவர் வலையில் எவ்வளவு விழுகிறது, எவ்வளவு தப்பிப் போகிறது என்பதுதான் முக்கியம். விழுந்ததை எண்ணிவிடலாம். தப்பிப் போனதை எப்படி எண்ணுவது? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்குப் பிடித்த கணக்குகளில் அது ஒன்று. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

எரிக்கைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்க அரசு 1960களின் நடுவில் தொடங்கிய கல்வி ஆய்வுத் தரவுத்தளம் அது. பதிவுகள் இரண்டு வகை. இதழ்க் கட்டுரை என்றால் எண் 'ஈ.ஜே.' என்று தொடங்கும். மாநாட்டுக் கட்டுரை, அரசு அறிக்கை, திட்ட மதிப்பீடு போல எந்த இதழிலும் வராதவை 'ஈ.டி.' என்று தொடங்கும். இந்த இரண்டாவது வகைதான் எரிக்கின் உண்மையான சொத்து. முன்பெல்லாம் இவற்றை மைக்ரோஃபிஷ் தகடுகளாக (பக்கங்களை மிகச் சிறிதாகப் படமெடுத்த பிலிம்) நூலகங்களுக்கு அனுப்பினார்கள். இப்போது பலவற்றை முழுதாகவே இறக்கிக்கொள்ளலாம். நம் ஊர்த் தொடர்பும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து வெளிவரும் 'ஐ-மேனேஜர்' கல்வி இதழ்களின் கட்டுரைகளை எரிக்கில் பார்க்கலாம். வாஷிங்டன் பதிவில் கன்னியாகுமரி மாவட்ட முகவரி!

சரி, ஒரு மாணவி பள்ளி இடைநிற்றல் பற்றி ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'டிராப்அவுட்' என்று தட்டுவார். ஆனால் ஐரோப்பியர்கள் அதையே 'ஏர்லி ஸ்கூல் லீவிங்' என்று எழுதுகிறார்கள். நம் நாட்டுப் பழைய கட்டுரைகளில் அது 'வேஸ்டேஜ்'. இந்தியக் கல்வியை ஆராய்ந்து 1929-இல் வந்த ஹார்டாக் குழு அறிக்கை பிரபலமாக்கிய பெயர், பி.எட். படித்தவர்கள் 'விரயமும் தேக்கமும்' என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரே பொருள், மூன்று சொல். இதற்குத்தான் எரிக்கில் ஒரு சொல்லடைவு இருக்கிறது. ஆசிரியர் எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும், பதிவு செய்பவர் அந்த அடைவிலிருந்து குறிச்சொற்களை எடுத்துக் கட்டுரையின் மேல் ஒட்டுவார். இடைநிற்றல் வட்டாரத்தில் 'ஸ்கூல் ஹோல்டிங் பவர்' என்றே ஒரு குறிச்சொல் உண்டு. பிள்ளைகளைப் பிடித்துவைக்கும் பள்ளியின் சக்தி! இதை எந்த மாணவியும் தானாக யோசித்துத் தட்டப்போவதில்லை.

அப்படியானால் குறிச்சொல்தான் சிறந்ததா? நூலகர்கள் அப்படித்தான் நம்பினார்கள். 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் ஒரு சோதனை நடத்தினார். சுமார் 1400 விமானவியல் கட்டுரைகளை வைத்துக்கொண்டு, பலவிதமான குறிச்சொல் முறைகளை ஒன்றோடொன்று மோதவிட்டார். கட்டுரையில் இருக்கும் சாதாரணத் தனிச் சொற்களே முன்னால் வந்தன. அவர் உட்பட யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

அந்த முடிவைவிட, அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. 1400 கட்டுரை என்பதால், ஒவ்வொரு கேள்விக்கும் எவை பொருத்தமானவை என்று ஆட்களை வைத்துப் புரட்டிப் பார்த்துவிட முடிந்தது. மொத்தம் தெரிந்தால், அதில் எத்தனை அகப்பட்டன என்ற விகிதமும் தெரிந்துவிடும். அதன் பெயர் 'ரீகால்'. அகப்பட்டவற்றில் எத்தனை உருப்படியானவை என்பது 'பிரிசிஷன்'. பிரிசிஷனை நீங்களே அரை மணி நேரத்தில் எண்ணிவிடலாம், முதல் ஐம்பது முடிவுகளைப் படித்தால் போதும். ரீகாலுக்கு மொத்தம் தெரிய வேண்டுமே! லட்சக்கணக்கான பதிவுகளை யார் புரட்டுவது?

இங்கேதான் மீன் வருகிறது.

கோடையில் கண்மாய் வற்றும்போது மதுரை, சிவகங்கைப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர் மொத்தமும் ஊத்தா, வலையோடு இறங்கும். அதற்கு முன்பு நீங்கள் கொஞ்சம் மீனைப் பிடித்து, துடுப்பில் அடையாளம் கட்டித் திரும்ப விட்டுவிடுகிறீர்கள். நாலு நாள் கழித்து இன்னொருவர் வலை வீசுகிறார். அவர் பிடித்ததில் பாதி மீனுக்கு அடையாளம் இருந்தால், நீங்கள் முதலில் பிடித்தது கண்மாயில் ஏறக்குறைய பாதி என்று அர்த்தம். நீங்கள் பிடித்தது எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அதை இரண்டால் பெருக்கினால் கண்மாயின் மொத்த மீன். ஒரு சொட்டுத் தண்ணீர் இறைக்காமலே! டென்மார்க்கின் பீட்டர்சன் 1890களில் தட்டை மீன்களை வைத்து இதே வழியில் போனார். 1930-இல் அமெரிக்காவின் லிங்கன் (அதிபர் இல்லை, பறவையியலாளர்) வாத்துகளை எண்ணினார்.

இதைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுவருவோம். கணக்குக்காக நானே போட்டுக்கொண்ட எண்கள் இவை. இடைநிற்றல் பற்றி எரிக் கொடுத்த உருப்படியான கட்டுரைகள் 60. விலைக்கு வரும் தரவுத்தளம் கொடுத்தவை 40. இரண்டிலும் இருப்பவை 32. இரண்டாவது வலையில் விழுந்த 40-இல் 32 ஏற்கெனவே எரிக் பிடித்தவை. அதாவது எரிக் 80 சதவீதம் பிடிக்கிறது. 60 என்பது 80 சதவீதம் என்றால் மொத்தம் 75. கையில் இருப்பது, இரண்டையும் சேர்த்து இரட்டிப்பைக் கழித்தால், 68. தப்பியவை ஏழே ஏழு. பிரமாதம், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும்.

போட்டுவிடாதீர்கள். இரண்டு வலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வீசப்பட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. இருவருமே கரையோர ஆழமில்லாத தண்ணீரில் வீசியிருந்தால்? கெண்டை இருவருக்கும் அகப்படும். சேற்றிலும் பாசியிலும் பதுங்கும் விரால் இருவருக்குமே அகப்படாது. அடையாளம் கட்டிய மீன்களே திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, கண்மாயில் மீனே அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுவோம். கல்வித் தரவுத்தளங்களின் கதையும் இதுதான். பெரிய ஆங்கில இதழ்கள் எல்லா வலையிலும் விழும். சிறிய இதழும் உள்ளூர் அறிக்கையும் எல்லா வலையிலும் தப்பும்.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர்களில் ஒருவர் இந்தியர். சி. சந்திரசேகர், அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கோடு சேர்ந்து 1949-இல் ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் பிறப்பு, இறப்பு எத்தனை என்பது கேள்வி. பதிவாளரின் பட்டியல் ஒரு வலை, வீடு வீடாகப் போய்க் கேட்டது இன்னொரு வலை. மொத்தமாகக் கணக்குப் போடாதே, ஒரே மாதிரியான சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியாகப் போட்டுப் பிறகு கூட்டு என்றார்கள். மக்கள்தொகைக் கணிப்புப் படித்தவர்களுக்கு இது சந்திரசேகர்-டெமிங் முறை.

நம் எண்களைப் பிரிப்போம். வெளிநாட்டுக் கட்டுரைகள்: எரிக் 54, மற்றது 32, பொது 31. கணக்குப்படி மொத்தம் 56. இந்தியக் கட்டுரைகள்: எரிக் 6, மற்றது 8, பொது ஒன்றே ஒன்று. ஆறை எட்டால் பெருக்கி ஒன்றால் வகுத்தால் 48. கூட்டினால் 104! அதே 68 கட்டுரைகள்தான் கையில் இருக்கின்றன. ஆனால் தப்பியவை ஏழு இல்லை, முப்பத்தாறு. அதிலும் 35 இந்தியக் கட்டுரைகள். பொது ஒன்று மட்டுமே என்பதால் அந்த 48 ஆட்டம் காணும் எண்தான். இன்னொன்று பொதுவாக வந்திருந்தால் 24 ஆகியிருக்கும். ஆனாலும் ஓட்டை எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்துவிட்டது. முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நூலகர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எரிக்கின் அதே பதிவுகளை எப்ஸ்கோ, புரோகுவெஸ்ட் போன்ற நிறுவனங்களும் தங்கள் தேடுதளத்தில் வைத்துத் தருகின்றன. விற்பவர் காட்டிய 'இத்தனை லட்சத்துக்குள்' எரிக்கும் அடங்கியிருந்தால், உங்கள் இரண்டாவது வலை முதல் வலையின் துண்டுதான். ஒப்பிட்டுப் பயனில்லை. எரிக்கைக் கழித்துவிட்டு மீதி எவ்வளவு என்று கேளுங்கள்.

இதற்கிடையில் ஒரு புலம்பல். 2025-இல் அமெரிக்கக் கல்வித் துறையில் நடந்த வெட்டில் அதன் ஆய்வுப் பிரிவு ஊழியர்களில் பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். எரிக்கின் நிதியும் வெட்டப்பட்டது. உலகம் முழுவதும் ஓசியில் குடிக்கும் கிணற்றைத் தூர்வாரக் காசில்லை என்கிறார்கள். நாமும் ஒழுங்கில்லை. அரசுக் கல்லூரிகளுக்கு ஆய்விதழ்களை மொத்தமாக வாங்கித் தரும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6000 கோடி ரூபாய் ஒதுக்கினோம். இதழ்களின் கதவு திறக்கிறது, நல்லதுதான். நம் கல்வியியல் இதழ்களைக் குறிச்சொல் ஒட்டி வரிசைப்படுத்த அதில் ஒரு துளி போதும். தப்பிய அந்த 35 இந்தியக் கட்டுரைகளைப் பிடிக்கும் வலையை வெளிநாட்டுக்காரர் பின்னித் தரப்போவதில்லை.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துப் பாடம் நடத்த வேண்டும் என்பார்களே, எரிக்கில் 'காக்னிடிவ் ஸ்டைல்' என்ற குறிச்சொல்லில் தேடினால் அது பற்றிக் கட்டுரைகள் கொட்டும். 2008-இல் பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். இன்னும் ஆசிரியர் பயிற்சிகளில் அது ஜாதகம் போலப் புழங்குகிறது. தரவுத்தளம் கட்டுரையைத்தான் கொடுக்கும். உண்மையா பொய்யா என்று அதனிடம் கேட்க முடியாது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். விற்பவரிடம் ஒரு மாதச் சோதனை அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். அவர் காட்டும் மாதிரித் தேடலை விட்டுவிட்டு, உங்கள் மாணவர்கள் இந்த ஆண்டு எடுத்திருக்கும் தலைப்புகளில் நாலைந்தைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது வலையாக இன்னொரு தரவுத்தளத்தை வைக்காதீர்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய ஆய்வேடுகளின் பின்பக்க நூற்பட்டியல் அதைவிட நல்ல வலை, அது வேறு வழியில் வீசப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு டிக் போடுங்கள்: தலைப்பைத் தட்டினால் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று ஒன்று, மாணவர் போடும் சாதாரணத் தேடலில் மேலே வருகிறதா என்று இன்னொன்று. எரிக்கிலேயே முதல் டிக் விழுந்து இரண்டாவது விழாத கட்டுரைகள் நிறைய இருந்தால், சந்தாப் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு மாணவர்களுக்குக் குறிச்சொல் தேடலில் ஒரு நாள் பயிற்சி வையுங்கள்.