சிறையில் இருந்தாலும் அவன்தான் அரசன்

கடலூருக்கு மேற்கே, கெடிலக் கரையில் திருவந்திபுரம். முகூர்த்த நாளில் நிற்க இடம் கிடைக்காது. அங்கே தேவநாதப் பெருமாள் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு, அரசனுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பளிச்சென்று காட்டுகிறது.

1231 வாக்கில் சோழன் மூன்றாம் ராஜராஜனைக் காடவர் என்ற சிற்றரசர் குலத்தின் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். செய்தி ஹொய்சள மன்னன் நரசிம்மனுக்குப் போனது. சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்ற பெயரைக் காப்பாற்றாமல் எக்காளம் ஊதமாட்டேன் என்று அவன் புறப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. அவனுடைய தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், வழியெல்லாம் ஊர்களை அழித்தார்கள். நடுவில் தில்லைப் பொன்னம்பலத்தில் சாமி கும்பிட்டார்கள். திருப்பாதிரிப்புலியூரில் முகாம் போட்டார்கள். கடைசியில் சோழன் விடுதலையானான்.

இத்தனையையும் சொல்லும் கல்வெட்டு எந்த ஆண்டில் தொடங்குகிறது? ராஜராஜனின் 15-ஆவதின் எதிராம் ஆண்டு, அதாவது அவன் ஆட்சியின் 16-ஆம் ஆண்டு. சிறையில் கிடந்த நாட்களும் அவன் ஆட்சிக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டன.

இது வெறும் மரியாதை அல்ல. படை இருந்தால் ஒரு போகம் நெல்லை அள்ளிக்கொண்டு போகலாம். ஆண்டுதோறும் வரி வர வேண்டுமென்றால் ஊர்ச்சபையும் வட்டாரத் தலைவர்களான நாட்டாரும் கோயில் கணக்கனும் உங்கள் பெயரிட்டு ஆவணம் எழுத வேண்டும். அவர்கள் பார்த்தது ஒன்றைத்தான்: பழைய அறக்கொடைகளை இவன் காப்பானா? கோயிலுக்குத் தேவதானம், பிராமணர்க்குப் பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குப் பள்ளிச்சந்தம். மூன்றிலும் கைவைக்காதவனை மூன்று தரப்பும் அரசன் என்று எழுதும். முதலாம் ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை, திண்டிவனம் பக்கம் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் ஜினருக்கும் தனித்தனியே கோயில் எடுத்ததைப் பக்தி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

அதனால்தான் திருவந்திபுரக் கல்வெட்டில் காடவன்மேல் வைத்த முதல் குற்றச்சாட்டுகளில் ஒன்று, தேவாலயங்களும் விஷ்ணு ஸ்தானங்களும் அவனால் அழிந்தன என்பது. வென்றவர்கள் வெட்டிய கல், கொஞ்சம் தள்ளி நின்றே படிக்கலாம். ஊர்களை அழித்ததைப் பெருமையாகச் சொல்பவர்கள், எதிரியைத் தாழ்த்த எடுத்த ஆயுதம் கோயில் என்பதைக் கவனியுங்கள்.

எல்லா மதத்தையும் எப்போதும் அணைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. இதே திருப்பாதிரிப்புலியூர் பழைய பாடலிபுரம். 458-இல் இங்கே லோகவிபாகம் என்ற சமண நூல் எழுதி முடிக்கப்பட்டது. பின்னால் சைவத்துக்கு மாறிய பல்லவ மன்னன் பாடலிபுரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினான் என்று பெரியபுராணம் பாடுகிறது. அப்படி நடந்ததோ இல்லையோ, சுமார் ஐந்து நூற்றாண்டு கழித்துச் சோழர் காலத்தில் அது ஒரு நல்ல அரசனின் செயலாகப் பாடப்பட்டது. யாரைக் காத்தால் அரசன் என்ற கணக்கு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

சரி, கோப்பெருஞ்சிங்கன் என்ன ஆனான்? பாடம் கற்றுக்கொண்டான் என்றே நினைக்கிறேன். தில்லையில் கோபுரம் எழுப்பினான், சகலபுவனச் சக்கரவர்த்தி என்று பட்டம் சூடினான், 1243 முதல் கல்வெட்டுகள் அவன் மகன் இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனின் ஆண்டையே எண்ணின.