கறுப்பு மைக்குள் ஒரு மேப்பிள் இலை

அக்டோபர் பிறந்தால் டொராண்டோவில் எங்கள் தெரு மரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிறம் மாறத் தொடங்கும். மழலையர் வகுப்புக்குப் போய்வரும் மகளின் பையிலும் நாள்தோறும் ஒரு காகித இலை இருக்கும். ஆரஞ்சு அட்டையில் வெட்டி, பசை தடவி, ஜிகினா தூவியது. அழகுதான். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இலையின் உருவத்தைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, அதற்குள் நடப்பதைக் காட்டாமல் விட்டுவிடுகிறோம். காகிதம் மரத்திலிருந்து வந்தது. மரம் செய்யும் சில வேலைகளை அதுவும் செய்யும். அதை நம்பி மூன்று கைவேலைகளை மகளோடு செய்துபார்த்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் போதுமானதாக இருந்தது.

முதல் வேலைக்கு வேண்டியது காபி வடிகட்டும் தாள், தண்ணீரில் கரையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனா, உயரமான கண்ணாடி டம்ளர். நம் வீட்டு ஃபில்டரில் தாளுக்கு வேலையில்லை. காபி வடிதாள் ஜெர்மனியில் பிறந்தது. 1908-இல் டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி, மகனின் பள்ளி நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்துத்தான் முதலில் வடிகட்டிப் பார்த்தார். ஒரு பிள்ளையின் நோட்டிலிருந்து வந்த தாள் மீண்டும் பிள்ளைகள் கைக்கே போவது எனக்குப் பிடித்திருக்கிறது. வடிதாள் கிடைக்காவிட்டால் கெட்டியான டிஷ்யூ பேப்பரும் உதவும்.

தாளை மேப்பிள் இலையாக வெட்ட வேண்டும். கனடாக் கொடியில் உள்ள இலைக்கு 11 முனைகள். குழந்தைக் கத்தரிக்கோலுக்கு ஐந்தே போதும். காம்பை மட்டும் நான்கு விரற்கடை நீளத்துக்கு விட்டுவிடுங்கள். காம்பும் இலையும் சேரும் இடத்தில் கறுப்புப் பேனாவால் அழுத்தமாக ஒரு கோடு. டம்ளரின் வாயில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, இலையின் உச்சியை அதில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். காம்பின் நுனி மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். கோடு தண்ணீருக்குள் போய்விட்டால் மை டம்ளரில் கரைந்துவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது. முதல் தடவை எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

இரண்டாவது தடவை ஈரம் காம்பில் ஏறி, கோட்டைத் தொட்டு, இலைக்குள் விசிறிபோல் விரிந்தது. கறுப்பின் ஓரம் கலங்கியது. முதலில் ஒரு நீலக்கரை மேலே நகர்ந்தது. அதன் பின்னால் ஊதா, இளஞ்சிவப்பு, கடைசியில் அழுக்கு மஞ்சளாக ஒரு தீற்றல். மகள் டம்ளரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, "அம்மா, கறுப்புக்குள்ள யாரு இவ்ளோ கலரை ஒளிச்சு வெச்சா?" என்றாள். ஏறக்குறைய பத்து நிமிடம் அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத்தான். திரி பருத்தி, தாள் மரக்கூழ். இரண்டுமே பெரும்பாலும் செல்லுலோஸ் இழைகள். இழைகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத சந்துகள் இருக்கின்றன. செல்லுலோஸைத் தண்ணீர் மூலக்கூறுகள் விரும்பிப் பற்றிக்கொள்ளும், தங்களுக்குள்ளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஒன்று ஏற, அது மற்றதை இழுக்க, ஈரம் சந்து சந்தாக மேலே போகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர்.

நிறங்கள் பிரிவது அடுத்த கட்டம். பல பேனாக்களில் கறுப்பு மை என்பது இரண்டு மூன்று சாயங்களின் கலவை. தேர்த் திருவிழாக் கடைவீதியில் ஒரே நேரத்தில் புறப்படும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வளையல் கடை, பொம்மைக் கடை என்று ஒவ்வொன்றிலும் நின்று நின்று வருபவர் பின்தங்குவார், எதிலும் மனம் போகாதவர் தெருமுனைக்கு முதலில் போய்விடுவார். இழையோடு அதிகம் ஒட்டும் சாயம் கீழேயே தங்குகிறது. தண்ணீரோடு இணக்கமான சாயம் மேலே போகிறது. எந்த நிறம் முந்தும் என்பது பேனாவுக்குப் பேனா மாறும். கரித்தூள் கலந்த மை பிரியவே பிரியாது. அழியா மார்க்கரும் தண்ணீருக்கு அசைந்துகொடுக்காது.

இந்த முறைக்கு குரோமட்டோகிராபி என்று பெயர். அது தொடங்கியதே இலையிலிருந்துதான். ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ட்ஸ்வெத் இலைகளின் நிறப்பொருள்களைக் கரைத்து, சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் வழியே இறக்கினார். பச்சைக் கரைசல் பச்சையும் மஞ்சளுமான வளையங்களாகப் பிரிந்தது. 1906-இல் வெளியான கட்டுரைகளில் இந்தப் பெயரைச் சூட்டியவரும் அவரே. ட்ஸ்வெத் என்றால் ரஷ்ய மொழியில் நிறம்!

மஞ்சள் மேப்பிளில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கோடையிலேயே இலைக்குள் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறப்பொருள் இருக்கிறது. பச்சையம் மிகுதியாக இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை. பகல் குறுகி குளிர் ஏறும்போது மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கைக் கிளைக்கும் தண்டுக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. திரை விலகியதும் மஞ்சள் தெரிகிறது.

சிவப்பு அப்படியல்ல. இந்த இடத்தில் பெரியவர்களே பெரும்பாலும் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறோம். மேப்பிளின் இலையுதிர்காலச் சிவப்பு ஒளிந்திருந்தது இல்லை. உதிரப்போகிற கடைசி நாட்களில் இலை அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. காம்பின் அடியில் உதிர்வதற்கான தடுப்பு உருவாகும்போது, வெயிலில் உண்டான சர்க்கரையில் ஒரு பகுதி இலைக்குள்ளேயே தேங்குகிறது. அதைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் உண்டாகிறது. பளிச்சென்ற பகலும், உறையாத அளவு குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் அந்த ஆண்டு சிவப்பு கூடும். உதிரப்போகும் இலைக்கு மரம் ஏன் இவ்வளவு செலவழிக்கிறது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பச்சையத்தை இழந்த இலையை வெயிலிலிருந்து காக்கும் குடை அது என்பது ஒரு முக்கிய விளக்கம்.

ஆகவே சிவப்பு இலைக்கு வேறு கைவேலை வேண்டும். ஊதா முட்டைக்கோஸில் இருப்பதும் ஆந்தோசயனின்தான். அதை நறுக்கி, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஆறிய ஊதாச் சாற்றில் வெள்ளைத் தாளை நனைத்துக் காயப்போடுங்கள். பிறகு இலையாக வெட்டி, குழந்தையிடம் தூரிகையும் எலுமிச்சைச் சாறும் கொடுங்கள். தொட்ட இடமெல்லாம் இளஞ்சிவப்பாகும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் தொட்டால் நீலமோ பச்சையோ வரும். ஆந்தோசயனின் அமிலத்தில் சிவக்கும். மேப்பிள் இலையின் செல்களில் அது சேரும் சாற்றறையும் அமிலத்தன்மை கொண்டதே. மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள், இந்தச் சாறு கறை பிடிக்கும்.

மூன்றாவது, விதை. சர்க்கரை மேப்பிளின் காய்கள் இலையுதிர்காலத்தில் ஜோடியாகப் பழுத்து, பிரிந்து, சுழன்றுகொண்டே இறங்கும். ஒரு முனையில் கனமான விதை, மறுமுனை முழுக்க மெல்லிய இறகு. சுழலும் இறகின் முன்விளிம்பில், மேற்புறமாக, காற்று ஒரு சிறு சுழிபோல் சுருண்டு ஒட்டிக்கொள்கிறது. சுழிக்குள் அழுத்தம் குறைவதால் விதை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது, விழும் வேகம் குறைகிறது. தாமதமாக விழும் விதையைக் காற்று தாய்மரத்தின் நிழலைத் தாண்டிக் கொண்டுபோகும். டேவிட் லென்டிங்கும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2009-இல் சயன்ஸ் இதழில் இந்தச் சுழியை அளந்து காட்டினார்கள்.

காகிதத்தில் செய்ய, 15 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டு போதும். மேல்பாதியை நடுவில் நெடுக்காக வெட்டி, ஒரு சிறகை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மடியுங்கள். கீழ்ப்பாதியை நீளவாக்கில் ஒடுக்கமாக மடித்து, நுனியில் ஒரு கிளிப் குத்துங்கள். நாற்காலி மேல் நின்று விட்டால் சுழன்றபடி இறங்கும். கீழிருந்து வரும் காற்று இரண்டு சிறகுகளையும் எதிரெதிர்ப் பக்கமாகத் தள்ளுவதால் வரும் சுழற்சி இது. கிளிப் இல்லாவிட்டால் தடுமாறி விழும்.

மகள் பல தடவை விட்டுப் பார்த்தாள். பிறகு தானாகவே சிறகுகளை மாற்றி மடித்தாள், முன்னால் இருந்தது பின்னால் போனது. விட்டதும் கத்தினாள்: "அம்மா, இது அந்தப் பக்கம் சுத்துது!" நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.