அரங்கனிடம் சொல்லிவைத்ததை வீட்டாரிடமும் சொல்லுங்கள்

"அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், உடைஞ்சு போயிடுவார்." நோய்த்தணிப்பு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் நான் வராந்தாவில் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. உள்ளே போனால் அந்த அப்பா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "எனக்கு எல்லாம் தெரியும். பசங்ககிட்ட காட்டிக்காதீங்க, பாவம்" என்பார். இரண்டு பக்கமும் அன்புதான். பேசவேண்டியது மட்டும் பேசப்படாமலே நாள் போய்விடுகிறது.

பெரியாழ்வார் மரணத்தை இப்படி மூடி மறைக்கவில்லை. 'ஆசைவாய்ச் சென்ற' என்று தொடங்கும் பதிகத்தில் மரணப் படுக்கையை அப்படியே காட்டுகிறார். வாய் ஒரு பக்கம் கோணி இழுக்கிறது, குழிவிழுந்த கண்களில் நீர். தாய் ஒரு பக்கம், தந்தை ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் அலறுகிறார்கள். சுற்றி இருப்பவர்களோ, பொருள் எங்காவது வைத்திருந்தால் 'சொல்லு சொல்லு' என்கிறார்கள். அவருக்கு வாய் திறக்கவில்லை. ஐசியு வாசலில் நின்றவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

'துப்புடையாரை' பாசுரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தளர்ச்சி வந்து வாட்டும்போது உன்னை நினைக்க என்னால் ஆகாது, அதனால் 'அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்' என்று திருவரங்கத்துப் பெருமாளிடம் முறையிடுகிறார். மருத்துவமாகப் பார்த்தாலும் இது முழு உண்மை. கடைசி நாட்களில் ஈரலும் சிறுநீரகமும் தளர்ந்து, பலர் மயக்கத்திலும் குழப்பத்திலும்தான் இருப்பார்கள். கடைசி நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பெரும்பாலும் அந்த நேரம் வாய்ப்பதில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? வென்டிலேட்டர் வேண்டுமா, வீட்டிலேயே இருக்க விருப்பமா, நம்மால் பேச முடியாதபோது யார் முடிவெடுப்பது என்பதை நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்குச் சட்ட ஏற்பு தந்தது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். குணமாக வழியில்லை, சுயமாக முடிவெடுக்கவும் முடியவில்லை என்ற நிலையில், மருத்துவக் குழுக்கள் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும்.

'எழுதிக் கொடுத்தால் கைவிட்டுவிடுவார்களோ' என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் கடைசிவரை மருந்து கொடுப்போம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம்.