ஃபியூசி: தமிழில் கதிர்க்கூம்பு

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பழைய வீட்டு அலமாரிகளில் சட்டைப் பையில் வைக்கும் சாவிக் கடிகாரங்கள் சில இன்னும் கிடக்கின்றன. கொழும்புக்கு வியாபாரம் போய் வந்த தலைமுறையின் சொத்து. கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி, கூடு வெள்ளிதானா என்று. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: சாவி எந்தப் பக்கம் திரும்புகிறது? முதுகுப் பக்கத்திலிருந்து சாவி கொடுக்கும் கடிகாரத்தில் அது இடப்பக்கமாகத் திரும்பினால், உள்ளே ஃபியூசி இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

ஃபியூசி என்பது பித்தளையில் கடைந்த சின்னக் கூம்பு. அதைச் சுற்றி மறை போலப் பள்ளம் ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் வட்ட டப்பி ஒன்று. அதற்குப் பேரல் என்று பெயர். சுருள்வில் அதற்குள் இருக்கிறது. இரண்டையும் மெல்லிய எஃகுச் சங்கிலி ஒன்று இணைக்கிறது. சாவி கொடுக்கும்போது சங்கிலி பேரலை விட்டு அவிழ்ந்து, கூம்பின் அகன்ற அடியில் தொடங்கி ஒல்லியான நுனிவரை ஏறிச் சுற்றிக்கொள்ளும்.

எதற்கு இத்தனை பாடு? சுருள்வில்லின் குணம் அப்படி. சாவி கொடுத்தவுடன் முறுக்கேறிப் பலமாக இழுக்கும். நேரம் போகப் போகத் தளரும். சக்கரங்களை விட்டுவிட்டு நிறுத்தி ஓடவிடும் அமைப்பில் மிகப் பழையது வெர்ஜ். அந்த வகைக் கடிகாரங்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகவே ஆகாது. பலமாக இழுத்தால் முந்தும், தளர்ந்தால் பிந்தும். காலையில் சரியாக வைத்த நேரம் இரவில் தப்பாக இருக்கும். கூம்பு இதைச் சரிக்கட்டுகிறது. வில் முறுக்காக இருக்கும்போது சங்கிலி இழுப்பது கூம்பின் ஒல்லியான நுனியை. அங்கே ஆரம் குறைவு. வில் தளர்ந்த பிறகு இழுப்பது அகன்ற அடியை. அங்கே ஆரம் அதிகம். விசை குறையும் அளவுக்கு ஆரம் கூடுவதால் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும் திருப்புவிசை முதலிலிருந்து கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறது.

சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ஃபூசுஸ் என்றால் நூல் நூற்கும் கதிர். அதிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல் ஃப்யூசே, கதிர் நிறையச் சுற்றிய நூலைக் குறித்தது. நடுவில் பருத்து நுனியில் ஒடுங்கும் வடிவம், மேலே வரிசையாக ஏறும் சுற்று. கடிகாரக் கூம்பையும், அந்தக் காலத்தில் சங்கிலிக்குப் பதிலாக அதில் சுற்றிய விலங்கு நரம்பையும் பார்த்தவர்கள் அதே பெயரை இதற்கும் வைத்துவிட்டார்கள். பிரெஞ்சில் ராக்கெட்டுக்கும் இன்றைக்கு இதுதான் பெயர். விமானத்தின் உடற்பகுதியைச் சொல்லும் ஃபியூசிலாஜ் என்பதும் கதிர் வடிவம் என்ற பொருளில் பிறந்ததுதான். அமெரிக்க ரயில்வேயில் எச்சரிக்கைக்காகக் கொளுத்தும் சிவப்பு ஒளிக்குச்சிக்கும் ஃபியூசி என்றே பெயர். ஆகவே அகராதியைப் புரட்டி முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துக்கொண்டால், கடிகாரத்துக்குள் தீக்குச்சியை வைத்துவிடுவோம்.

தமிழில் என்ன சொல்லலாம்? சமன்கூம்பு என்று சொன்னால் வேலை விளங்கும், குற்றமில்லை. ஆனால் மூலச்சொல்லின் பொருளே நம்மிடம் தயாராக இருக்கிறது. ராட்டையில் நூல் ஏறும் அந்தக் கம்பிக்குக் கதிர் என்றுதான் பெயர். வெறுமனே கதிர் என்றால் நெற்கதிரும் கதிர்வீச்சும் குறுக்கே வரும். வெறும் கூம்பும் போதாது. பழந்தமிழில் கூம்பு என்றால் பாய்மரம், கடற்கரைக்காரர்களுக்கு அதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துக் கதிர்க்கூம்பு என்றால் வடிவமும் வரலாறும் ஒன்றாக வந்துவிடுகின்றன. என் ஓட்டு இதற்குத்தான். கடைக்காரரிடம் பேசும்போது ஃபியூசி என்றே சொல்லுங்கள், சங்கிலி போட்ட மிஷின் என்றாலும் சரி. சங்கிலி வைத்த வாட்ச் என்று மட்டும் சொல்லிவிட்டால் சட்டைப் பையில் மாட்டும் சங்கிலியைத்தான் நினைப்பார்.

இடப்பக்கக் கணக்கின் காரணம் எளிது. கதிர்க்கூம்பு ஓடும்போது ஒரு பக்கம் சுழல்கிறது. சாவி கொடுக்கும்போது அதே கூம்பையே எதிர்ப்பக்கம் திருப்புகிறோம். கூம்பு இல்லாத கடிகாரத்தில் பேரலிலேயே பல் வெட்டியிருக்கும். அங்கே சாவி திருப்பும் அச்சும் பேரல் ஓடும் பக்கமே திரும்பும். அதனால் முதுகுப் பக்கம் நின்று பார்த்தால் முன்னது இடம், பின்னது வலம். டயலில் துளையிட்டு முன்பக்கமாகச் சாவி கொடுக்கும் பழைய பிரெஞ்சுக் கடிகாரங்களில் கணக்கு தலைகீழாகும். விதிவிலக்குகளும் உண்டு, ஆகவே கண்ணால் பார்ப்பதே உத்தமம். பழைய இங்கிலீஷ் கடிகாரமானால் முன்கண்ணாடி வளையத்தைத் திறந்து, 6 மணி எண்ணுக்குக் கீழே உள்ள சின்னத் தாழை நகத்தால் தள்ளுங்கள். 12 மணிப் பக்கத்துக் கீலில் மிஷின் முழுசாக வெளியே சாயும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பக்கவாட்டில் பார்த்தால் சைக்கிள் செயினைக் குட்டியாக்கியது போன்ற சங்கிலி தெரியும். கண்ணிகளை எண்ண உருப்பெருக்கி வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். கூம்பின் நுனியில் மூக்கு மாதிரி நீட்டிய ஒரு தகடு இருக்கும். கடைசிச் சுற்று ஏறும்போது சங்கிலியே ஒரு சின்னக் கையைத் தூக்கிவிட, மூக்கு அதில் இடித்து நிற்கும். சாவி சட்டென்று நிற்பது இதனால்தான். இன்னும் கொஞ்சம் போகும் என்று அழுத்தினால் சங்கிலி அறும்.

தொடக்கத்தில் சங்கிலி கிடையாது, விலங்கு நரம்புதான். 1430 வாக்கில் பர்கண்டிக் கோமகன் பிலிப்புக்காகச் செய்ததாகச் சொல்லப்படும் கடிகாரம் ஒன்று கதிர்க்கூம்போடு ஜெர்மனியின் நூரம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சங்கிலி 17ஆம் நூற்றாண்டில் வந்தது. பிற்பாடு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கிறைஸ்ட்சர்ச் ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. மயிரிழைக் கண்ணிகளைக் கோத்து ஆணி அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். கண் போகும் வேலை. பிரான்சில் லெப்பின் என்பவர் 1760களில் கூம்பில்லாத மெல்லிய அமைப்பைக் கொண்டுவந்தார். ஐரோப்பா மெல்ல அந்தப் பக்கம் போனது. இங்கிலீஷ்காரர்கள் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை விடவில்லை. பிடிவாதம் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் குரோனோமீட்டர் எனப்படும் கப்பலின் துல்லியக் கடிகாரங்களில் அந்தப் பிடிவாதத்துக்கு நியாயம் இருந்தது: இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் ஹாமில்டன் கம்பெனி செய்த குரோனோமீட்டரிலும் கதிர்க்கூம்பு உண்டு.

கூம்பிடம் ஒரு குறை. சாவி கொடுக்கும்போது அதைப் பின்னோக்கித் திருப்புவதால் அந்த நேரம் சக்கரங்களுக்கு இழுப்பு போய்ச் சேராது. அதை ஈடுகட்ட 18ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் கடிகாரக்காரர் ஜான் ஹாரிசன் கூம்புக்குள்ளேயே ஒரு துணைவில் வைத்தார். உங்கள் கடிகாரத்தில் அது இருந்தால் சாவி கொடுக்கும்போதும் டிக் டிக் நிற்காது. காதில் வைத்துக் கேட்டாலே தெரிந்துவிடும்.

நம் கரையில் கிடைப்பவற்றில் சங்கிலிதான் முதலில் போகும். பித்தளை தாக்குப்பிடிக்கும், எஃகை உப்புக்காற்று விடாது. துரு ஏறிய சங்கிலியோடு சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள், அறுந்து வீசினால் பக்கத்துப் பாகங்களையும் கெடுக்கும். அறுந்தே போயிருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். கெட்ட கண்ணியை எடுத்துவிட்டு மீதியைக் கோத்து ஆணி அடிக்க முடியும். அதற்கு முன்னால் வில்லின் முறுக்கை முழுக்க இறக்கியாக வேண்டும். இறக்காமல் தகட்டைக் கழற்றத் தொடங்கும் ஆளிடம் கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.