பிறக்கும் முன்பே எண்ணிக் கொடுத்த வடிகட்டிகள்

பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயர் கடையொன்றில் கணக்கெழுதும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் ஆட்களில் பாதிப்பேர் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம். நாற்பது தாண்டவில்லை, பிரஷர் குளிசை போடுகிறார்கள். இரண்டு பேருக்கு யூரினில் புரோட்டீன் போகிறதாம். முதலாளி அறுபத்தெட்டு வயதிலும் கல்லுப்போல இருக்கிறார். மத்தியானம் எல்லாருக்கும் ஒரே கடைச் சோறுதான். இது பரம்பரையா, தலையெழுத்தா?"

ஒரு கடையை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்துக்கே தீர்ப்பெழுத முடியாது. முதலாளி இரவில் வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்பதும் நமக்குத் தெரியாது. ஆனாலும் கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது.

ஏணியின் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதற்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டென்பது புதுச் செய்தியல்ல. 1967இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு ஏறக்குறைய 18,000 ஆண் அரச ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. அத்தனை பேருக்கும் நிரந்தர உத்தியோகம், பென்ஷன், இலவச வைத்தியம். பட்டினி கிடந்தவர் எவருமில்லை. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு வீதம் உயர் நிர்வாகிகளுடையதைவிட மூன்று மடங்கு. நடுப்படியில் இருந்தவர்கள் நடுவில். மைக்கேல் மார்மட்டும் அவரது குழுவினரும் சிகரெட், கொலஸ்ட்ரோல், பிரஷர் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசத்தின் பெரும்பங்கு அப்போதும் மிஞ்சி நின்றது.

சரி, படி எப்படி உடம்புக்குள் நுழைகிறது? பல வழிகளில். களனி கங்கை பெருகினால் கொழும்பை அடுத்த கொலன்னாவைத் தாழ்நிலத்து வீடுகள்தான் முதலில் மூழ்கும். 2016 மே மாதம் அதைக் கண்ணால் பார்த்தோம். தகரக் கூரையின் கீழ் படுத்தால் இரவிலும் உடம்புச் சூடு ஆறாது. நாட்சம்பளக்காரருக்குக் கிளினிக் நாள் என்றால் அன்றைய காசு போச்சு. மருந்து முடிந்தும் இரண்டு கிழமை இழுத்தடிப்பார். ஓயாத கவலை கோர்ட்டிசோலைக் கூட்டும், அது சீனியையும் பிரஷரையும் கூட்டும். இதெல்லாம் நீங்கள் முன்பே கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு இவற்றையெல்லாம் விட ஆச்சரியம் தரும் வழி ஒன்று இருக்கிறது. ஆள் பிறப்பதற்கு முன்பே, சிறுநீரகத்துக்குள் நடந்து முடிந்துவிடும் விஷயம் அது.

ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த நெப்ரோனை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தலைப்பக்கத்தில் மயிர்க்குழாய்களின் முடிச்சு ஒன்று; அதுதான் கலன்கோளம். இரத்தம் அதற்குள் அமுக்கத்தோடு வரும்போது நீரும் உப்பும் கழிவும் வடிந்து குழாய்க்குள் இறங்கும், தேவையானது திரும்ப உறிஞ்சப்படும். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிப்பது ஏறக்குறைய 180 லீற்றர். இரத்தத்தில் உள்ள திரவவிழையமோ (பிளாஸ்மா) வெறும் 3 லீற்றர். ஆக, அதே திரவம் நாளொன்றுக்கு 60 தடவை வடிகட்டப்படுகிறது. வெளியே போவது ஒன்றரை லீற்றர் அளவில்தான்.

ஒரு சிறுநீரகத்துக்குப் பத்து இலட்சம் நெப்ரோன் என்று சொல்லிவிட்டுப் பாடப்புத்தகம் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். அது வெறும் சராசரி. எண்ணிப் பார்த்தபோது சிலருக்கு இரண்டு இலட்சம் சொச்சம், சிலருக்கு இருபது இலட்சத்துக்கும் மேல். பத்து மடங்கு வித்தியாசம்! உயரத்திலோ இதயத்தின் அளவிலோ மனிதருக்கு மனிதர் இப்படி ஏற்றத்தாழ்வு கிடையாது.

எண்ணுவதே ஓர் அழகான வேலை. உயிரோடு இருப்பவரிடம் நேரடியாக எண்ண முடியாது. இறந்தவரின் சிறுநீரகத்திலிருந்து ஆங்காங்கே துண்டுகள் எடுத்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, அடுத்தடுத்த இரண்டு சீவல்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஒப்பிடுவார்கள். முதல் சீவலில் தெரிந்து, இரண்டாவதில் காணாமற்போன கலன்கோளங்களை மட்டும் எண்ணுவார்கள். பெரிய கோளம் பல சீவல்களில் முகம் காட்டும், சின்னது ஒன்றிரண்டில்தான் தெரியும். ஆனால் எந்தக் கோளமும் முடிவது ஒரே ஓர் இடத்தில். ஆகவே பெரிதோ சிறிதோ, ஒன்று ஒரே தடவைதான் கணக்கில் ஏறும். பத்து இலட்சத்தையும் எண்ணாமல் பத்து இலட்சம் என்று சொல்லிவிடலாம். இந்த முறையை யோசித்தவரின் மூளைக்கு ஒரு கும்பிடு.

இத்தனை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கர்ப்பத்தின் ஐந்தாவது வாரத்தளவில் சிறு குழாய்மொட்டு ஒன்று பக்கத்திலிருக்கும் கலத்திரளை நோக்கி வளர்கிறது. அந்தக் கலங்கள் ஜிடிஎன்எஃப் என்னும் புரதத்தை வெளிவிட்டு மொட்டைத் தம்மிடம் அழைக்கின்றன. உள்ளே நுழைந்த மொட்டு நுனியில் இரண்டாகப் பிரியும். பிரிந்த ஒவ்வொரு நுனியும் மறுபடி இரண்டாகும். ஒவ்வொரு நுனியையும் மூலக்கலங்கள் மூடிக்கொண்டு நிற்கும். நுனியிலிருந்து சமிக்ஞை வந்ததும் அவற்றில் சில திரண்டு ஒரு நெப்ரோனாகிவிடும். மற்றவை பெருகி, அடுத்த கிளைக்காகக் காத்திருக்கும். எல்லாம் இந்தச் சமநிலையில் தங்கியிருக்கிறது. மொட்டு குறைவாகக் கிளைத்தாலோ, அதிகமான கலங்கள் அவசரப்பட்டு நெப்ரோனாகிவிட்டாலோ, கடைசித் தொகை சுருங்கிவிடும்.

தொகையில் பாதிக்கு மேல் சேருவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில். 36ஆவது வாரத்தளவில் மிச்சமிருக்கும் மூலக்கலங்கள் எல்லாம் மொத்தமாக நெப்ரோன்களாகி முடிந்துவிடுகின்றன, கையிருப்பில் ஒன்றும் இல்லை. ஈரலை வெட்டினால் வளரும், தோல் உரிந்தால் வளரும். நெப்ரோன் மட்டும் அதற்குப் பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது.

தாய்க்குச் சத்து போதாவிட்டால் சிசு எங்கே சிக்கனம் பிடிக்கும்? மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை முதலில் கொடுக்கும். சிறுநீரகத்துக்கு மிஞ்சியதுதான். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கருப்பைக்குள் கழிவை அகற்றுவது சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி). சிசுவின் சிறுநீரகத்துக்கு அந்தப் பொறுப்பு இன்னும் வரவில்லை. நெப்ரோன்கள் குறைந்தாலும் அங்கே ஒரு நட்டமும் தெரியாது. பிள்ளை பிறக்கும், நன்றாக அழும், பால் குடிக்கும். பதிவேட்டில் நிறை மட்டும் 2.5 கிலோவுக்குக் கீழே இருக்கும். கர்ப்பிணி எலிகளுக்குப் புரதம் குறைத்துக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளில் குட்டிகளுக்கு நெப்ரோன்கள் கணிசமாகக் குறைந்தன. மனிதரிலும் அப்படியே. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எண்ணி 2003இல் வெளியிட்டார்கள்: பிறந்த நிறை ஒரு கிலோ கூடினால் ஒரு சிறுநீரகத்துக்கு ஏறக்குறைய இரண்டரை இலட்சம் கலன்கோளங்கள் கூடுதல். அந்த ஆய்வில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் எண்ணிக்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கணக்கை நிர்ணயித்தது பிறந்த நிறை.

அதே வருடம் ஜேர்மனியிலிருந்து இன்னொரு எண்ணிக்கை வந்தது. விபத்தில் இறந்த 10 பேர், எல்லாருக்கும் முன்பே பிரஷர் இருந்தது. அவர்களோடு ஒப்பிட, பிரஷர் இல்லாமல் விபத்தில் இறந்த இன்னும் 10 பேர். பிரஷர் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகம் ஒன்றுக்கு ஏறக்குறைய 14 இலட்சம் கலன்கோளங்கள். பிரஷர்க்காரருக்கு 7 இலட்சம். சரிபாதி. அத்தோடு, இருந்த கோளங்கள் ஒவ்வொன்றும் வீங்கிப் பெருத்திருந்தன.

ஏன் வீங்குகின்றன என்பதற்கு சிறுநீரக நிபுணர் பாரி பிரென்னரும் சகாக்களும் 1988இலேயே விளக்கம் சொல்லியிருந்தார்கள். புறக்கோட்டையில் பத்துப்பேர் இறக்க வேண்டிய லொறியை ஐந்து பேரை வைத்து இறக்குவதுபோலத்தான். லொறி காலியாகும், முதலாளிக்கு வித்தியாசம் தெரியாது. ஐவரின் முதுகும் வீணாகும். கலன்கோளத்தைச் சுற்றிப் பாதம்போல் விரல்கள் பரப்பிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவகைக் கலங்கள்தான் புரதத்தை வெளியே விடாமல் தடுப்பவை. வளர்ந்த பிறகு இவை பெருகுவதில்லை. கோளம் வீங்கினால் இருக்கும் கலங்களே நீண்டு கொடுக்கவேண்டும். ஒரு கட்டத்தில் பிடி விட்டு ஒன்று கழன்று விழும். அந்த இடைவெளியால் அல்புமின் என்னும் புரதம் ஒழுகும், அந்த இடம் தழும்பாகும், அந்த நெப்ரோன் முடிந்தது. அதன் வேலையும் மிச்சமுள்ளவற்றின் தலையில். இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக. இதற்கிடையில் வடிபரப்புக் குறைந்த சிறுநீரகத்தால் உப்பைச் சாதாரண அமுக்கத்தில் வெளியேற்ற முடிவதில்லை; உடம்பு அமுக்கத்தைக் கூட்டித்தான் அதைத் தள்ளுகிறது. ஆக, அதே கருவாட்டுக் குழம்பும் அதே சோறும் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக வேலை செய்யும். வாசகரின் "ஒரே கடைச் சோறு" இங்கேதான் பிரிகிறது.

இனி, அந்த ஆட்களின் ஊர்களான ஹட்டனும் பொகவந்தலாவையும் இருக்கும் மலையகம், தேயிலைத் தோட்டங்களின் நாடு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 32 வீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. உயரம் குன்றிய பெண்பிள்ளை வளர்ந்து, இரத்தம் குறைந்த உடம்போடு கர்ப்பிணியாகி, மலைச்சரிவில் கொழுந்துக்கூடையோடு ஏறி இறங்குகிறாள். பிறக்கும் பிள்ளையின் நிறையும் குறைகிறது. அந்தப் பிள்ளையும் ஒரு பெண்ணென்றால் கதை மறுபடி. தாய்க்கு, மகளுக்கு, பேத்திக்கு என்று தொடர்வதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பரம்பரை போலவே தெரியும். பரம்பரையலகில் (ஜீனில்) ஓர் எழுத்தும் மாறாமல், வறுமை மட்டும் கைமாறி வந்தாலும் இதே தோற்றந்தான். 1948இல் இந்தத் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்து, 2003 வரை அதை இழுத்தடித்த நாட்டில், அந்த வறுமை தானாக வந்ததென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பரம்பரையலகுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. மேற்கு ஆபிரிக்க வம்சாவளியினர் சிலரிடமுள்ள ஏபிஓஎல்1 என்னும் பரம்பரையலகின் மாற்றம் தூக்க நோயிலிருந்து காத்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2010இல் அது நிரூபணமானது. அதுபோல ஒன்றைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளலாம். காட்டாமலே "அவர்களுடைய உடம்பு வாசி அப்படி" என்பது சோம்பேறித்தனம்.

தலையெழுத்துக்கு வருவோம். பிரஷர் கூடித் தலை சுற்றுகிறவரைக் கண்ணூறு என்று நூல் கட்டக் கூட்டிப்போகிறவர்கள் கொழும்பில் இன்றும் உண்டு. நூலால் கெடுதி இல்லை, இழந்த மாதங்களால்தான் கெடுதி. "கிட்னி சுத்தம்" செய்யும் கஷாயக்காரரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்காக மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் பலர் டயாலிசிஸில் போய் முடிந்தார்கள். அதில் கலந்திருந்தது அரிஸ்டோலோக்கியா இனச் செடி. நம் ஊர் ஈஸ்வரமூலியும் அதே குடும்பந்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த நிறைக்கும் பிற்கால இதயநோய்க்கும் உள்ள தொடர்பை டேவிட் பார்க்கர் 1989இல் வெளியிட்டது எதை வைத்து? இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் 1911 முதல் மருத்துவிச்சிகள் பேரேட்டில் எழுதிவைத்த நிறைகளை வைத்து. நமக்கும் அப்படியொரு மரபு இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்றும் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கே வந்து தராசைக் கொளுவிப் பிள்ளையை நிறுத்து, கார்ட்டில் புள்ளி வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் புள்ளிகளையும் நாற்பது வருடம் கழித்து அதே ஆளின் கிளினிக் கொப்பியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். பொறுமையான சில ஆட்களும் சம்பளமும் போதும். ஆராய்ச்சிக்கென்று நாடு ஒதுக்குவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு வீதத்தின் ஐந்திலொரு பங்குகூட இல்லை. 2022 நெருக்கடியில் கர்ப்பிணித் தாய்மாருக்கு அரசு கொடுக்கும் சத்துமாவான திரிபோஷவே தட்டுப்பாடானது. அந்த வருடத்துப் பிள்ளைகளின் நிறைகள் எல்லாம் எங்கேயோ கொப்பிகளில் இருக்கின்றன.

கடை ஆட்களுக்குச் சொல்ல வேண்டியவை இவை. குறைந்த நிறையோடு பிறந்த எல்லாருக்கும் வருத்தம் வருவதில்லை, ஆனால் அப்படிப் பிறந்தது தெரிந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். யூரினில் அல்புமினையும் கிரியேட்டினின் என்னும் கழிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை, கழன்று விழும் அந்தக் கலங்களின் சேதியை மற்ற அறிகுறிகளுக்கு வெகு முன்பே சொல்லிவிடும். முதுகுவலிக்கு பார்மசியில் டைக்ளோபெனக் வாங்கி, தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் சுமை தூக்குவதை விடவேண்டும். அது கலன்கோளத்துக்குள் இரத்தம் வரும் குழாயை இறுக்குகிறது. அரச கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் எனலாப்ரில், லொசார்ட்டன் செய்வது வேறு வேலை: வெளியேறும் குழாயைத் தளர்த்தி, கோளத்துக்குள் அமுக்கத்தைக் குறைக்கிறது. பிரஷர் குறைந்துவிட்டதே என்று நினைத்து அதை நிறுத்தக்கூடாது. எனலாப்ரிலுக்கு வறட்டு இருமல் வந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். பெண்கள் பிள்ளைக்கு யோசிக்கிறீர்கள் என்றால், அதை இருமலுக்கும் முன்னால் சொல்லவேண்டும். இந்த இரண்டு மருந்தும் கருவில் உருவாகும் சிறுநீரகத்தையே தாக்கும், அதற்குப் பதிலாக வேறு பிரஷர் மருந்து இருக்கிறது.